ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர்: சாலை மரணங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிடும் முறை

அக்காள் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, பள்ளி ஒப்படைப்புக்காக ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தாள். அதில் மூன்றே வரிகள் இருந்தன. 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள்: இந்தியா 168,491, அமெரிக்கா 42,514, சிங்கப்பூர் 108. இந்தியாவின் கட்டத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டு, "மாமா, இந்தியாதான் ஆக மோசம்னு எழுதிடலாமா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான், சற்று விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

2022-இல் இந்தியாவில் ஏறக்குறைய 142 கோடிப் பேர் வாழ்ந்தார்கள்; அதே ஆண்டில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 5.64 மில்லியன், அதாவது 56 லட்சத்துக்குச் சற்று மேல். மக்கள் அதிகமாக உள்ள இடத்தில் எல்லா வகை மரணங்களும் எண்ணிக்கையில் அதிகமாகத்தான் இருக்கும் என்பதால், மொத்த எண்ணிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் மக்கள்தொகையைத்தான் ஒப்பிடுகிறது, சாலைகளை ஒப்பிடுவதில்லை. ஆகவே இறந்தவர்களின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, வரும் சின்னஞ்சிறு பின்னத்தை நூறாயிரத்தால், அதாவது ஒரு லட்சத்தால், பெருக்கிக்கொள்கிறோம். இதுவே "ஒரு லட்சம் பேருக்கு" என்று சொல்லப்படும் மரண விகிதம். சிங்கப்பூருக்கு 1.9 வந்தது. இந்தியாவுக்குக் கிட்டத்தட்ட 12. அமெரிக்காவுக்கு 12.8.

அந்த மூன்றாவது விடையைப் பார்த்துவிட்டு அவள் கணக்கை மறுபடியும் போட்டாள். பிழை ஏதும் இல்லை. அகன்ற நெடுஞ்சாலைகளும் காற்றுப்பைகள் பொருத்திய கார்களும் நிறைந்த ஒரு நாடு, தலைக்கவசம் அணியாமல் மூன்று பேர் ஒரே மோட்டார்சைக்கிளில் போகும் காட்சி இன்னும் சாதாரணமாக இருக்கும் ஒரு நாட்டைவிட மோசமான எண்ணைக் காட்டுகிறது. இது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், இந்தப் பொருளின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒரு பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி. மரணங்கள் தொகுதியில் இருக்கின்றன. பகுதியில் எதை வைப்பது என்பது நம் விருப்பம். அந்த விருப்பம்தான் நாம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதை முடிவுசெய்கிறது. மக்கள்தொகையை வைத்தால், "இந்த நாட்டில் வாழும் ஒருவர் இந்த ஆண்டில் சாலையில் உயிரிழக்கும் வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்கிறோம். காசநோயோடும் மாரடைப்போடும் சாலை விபத்தை வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டிய சுகாதாரத் துறையினருக்கு இதுவே தேவையான கேள்வி. உலகச் சுகாதார நிறுவனம் இந்த விகிதத்தையே முதன்மையாக வெளியிடுவதற்கு இது ஒரு காரணம். எல்லா நாடுகளிடமும் மக்கள்தொகைக் கணக்கு ஏதோவொரு வகையில் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். அந்நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் 11.9 லட்சம் பேர் சாலையில் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு 15 பேர்.

இப்போது பகுதியில் மக்களை எடுத்துவிட்டு வாகனங்களை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் பதிவான வாகனங்கள் 28 கோடிக்கு மேல். எனவே ஒரு லட்சம் வாகனங்களுக்கு ஏறக்குறைய 15 மரணங்கள். இந்தியப் பதிவேடுகளில் 2022-இல் 34 கோடிக்கும் கூடுதலான வாகனங்கள் இருந்தன. ஒரு லட்சம் வாகனங்களுக்கு 50-ஐ ஒட்டி வருகிறது. அந்தப் பதிவேட்டில் பழுதாகி மூலையில் கிடக்கும் பழைய வண்டிகளும் சேர்ந்திருப்பதால், ஓடுகின்ற வண்டிகளை மட்டும் எண்ணினால் இது இன்னும் கூடும். மக்கள்தொகையால் வகுத்தபோது ஏறக்குறைய சமமாக நின்ற இரு நாடுகளும் வாகனத்தால் வகுத்தவுடன் மூன்று மடங்குக்கு மேல் விலகிப் போகின்றன. இந்தியாவில் பல குடும்பங்களுக்கு இன்றும் கார் இல்லை. அமெரிக்காவிலோ பல ஊர்களில் பால் வாங்கக்கூடக் காரை எடுத்தாக வேண்டும். இந்தியரைவிட அமெரிக்கர் வாகனத்தோடு வாழும் நேரம் மிக அதிகம். அதனால்தான் அங்கே சாலை ஓரளவு பாதுகாப்பாக இருந்தும், தலைக்கு வரும் ஆபத்து குறையவில்லை.

சிங்கப்பூரையும் இதே கணக்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம்மைப் பற்றியதாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது. 2022-இல் இங்கே ஏறக்குறைய பத்து லட்சம் வாகனங்கள் இருந்தன. 108-ஐ அதனால் வகுத்தால் ஒரு லட்சம் வாகனங்களுக்கு 11. மக்கள்தொகை விகிதத்தில் அமெரிக்காவைவிட ஆறரை மடங்கு மேலாகத் தெரிந்த நாம், வாகன விகிதத்தில் ஒன்றரை மடங்குகூட மேலாக இல்லை. 1990 மே மாதத்திலிருந்து வாகனத்தின் எண்ணிக்கையை வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) முறை கட்டுப்படுத்தி வருகிறது. சிஓஇ விலையைக் கேட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு போகிறவர்களே நம்மில் பெரும்பாலோர். ரயிலிலும் பேருந்திலும் போகிறவர் சாலையில் உயிரிழப்பது மிக அரிது. எனவே நம்முடைய 1.9 என்ற எண்ணில் சிங்கப்பூர் ஓட்டுநரின் திறமை எவ்வளவு, சாலைப் பொறியியல் எவ்வளவு, பெரும்பாலோர் கார் ஓட்டாமலேயே இருப்பது எவ்வளவு என்பதை அந்த ஓர் எண் பிரித்துச் சொல்லாது. இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. மக்களைக் காருக்குள் ஏற்றாமல் வீடு கொண்டு சேர்ப்பதும் சாலைப் பாதுகாப்புதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்தப் பெருமை ஓட்டுநருக்குச் சேராது, அவ்வளவுதான்.

மூன்றாவதாகப் பயணத் தூரத்தால் வகுக்கலாம். வாகனம் ஓட்டும் செயல் எவ்வளவு ஆபத்தானது என்பதை மற்ற இரண்டையும்விட இது நெருக்கமாகச் சொல்கிறது. கொட்டகையில் நிற்கும் வண்டி யாரையும் இடிப்பதில்லை அல்லவா? 2022-இல் அமெரிக்காவில் ஒவ்வொரு பத்துக் கோடி மைலுக்கும் 1.33 பேர் இறந்தார்கள். கிலோமீட்டருக்கு மாற்றினால், ஒரு பில்லியன் கிலோமீட்டர் வாகன ஓட்டத்துக்கு, அதாவது நூறு கோடி கிலோமீட்டருக்கு, சுமார் 8 மரணங்கள். வட அயர்லாந்து நீங்கலான பிரிட்டனில் அதே ஆண்டு 1,711 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு பில்லியன் கிலோமீட்டருக்கு 3-க்குச் சற்று மேல். மக்கள்தொகையால் வகுத்தால் அமெரிக்கா பிரிட்டனைவிட ஐந்து மடங்கு மோசம், 12.8-க்கு 2.6, தூரத்தால் வகுத்தால் இரண்டரை மடங்குதான் மோசம். மீதி எங்கே போயிற்று? மொத்த வாகன ஓட்டத்தை மக்கள்தொகைக்குப் பங்கிட்டால் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பிரிட்டனில் அது ஏறக்குறைய 8,000. வித்தியாசத்தில் ஒரு பாதி ஆபத்தான ஓட்டத்திலிருந்தும், இன்னொரு பாதி அதிகமான ஓட்டத்திலிருந்தும் வருகிறது என்பதை இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்து வைத்தபோதுதான் பார்க்க முடிந்தது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் பார்த்திருக்க முடியாது.

தூர விகிதத்திலும் ஒரு பொறி உண்டு. ஒரு நாட்டில் பயணத் தூரம் இரட்டிப்பாகி, மரணங்களும் இரட்டிப்பானால், தூர விகிதம் அசையாமல் அப்படியே நிற்கும். இரண்டு மடங்கு குடும்பங்கள் பிணவறை வாசலில் நிற்பதை அது காட்டாது. மேலும், ஓடிய தூரத்தை அளக்கச் சாலைகளில் கணக்கெடுப்புக் கருவிகளோ முறையான ஆய்வுகளோ வேண்டும் என்பதால், வசதியான நாடுகளுக்கு மட்டுமே இந்த எண் நம்பத்தக்கதாகக் கிடைக்கிறது. வாகன விகிதத்துக்கும் ஒரு பழைய எச்சரிக்கை இருக்கிறது. ஆர். ஜே. ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949-இல், இருபது நாடுகளின் 1938-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து, வாகனங்கள் பெருகப் பெருக வாகனம் ஒன்றுக்கான மரணங்கள் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். ஆகவே வாகன விகிதம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து ஓர் அரசு வெற்றி முழக்கம் செய்தால், அந்தக் குறைவு வாகனப் பெருக்கத்தோடு தானாகவே வந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பகுதியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, தொகுதியில் உள்ள எண்ணை அப்படியே நம்பிவிடலாமா? "சாலை மரணம்" என்றால் என்ன என்பதிலேயே நாடுகள் ஒத்துப்போவதில்லை. விபத்து நடந்த 30 நாள்களுக்குள் இறந்தவர்களை எண்ணுவது இன்று பரவலான வழக்கம். ஜப்பான் நெடுங்காலமாக 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களையே தலைப்புச் செய்தியாக்கி வந்திருக்கிறது. 2022-இல் அந்த எண்ணிக்கை 2,610. 30 நாள் கணக்கில் அது 3,200-ஐத் தாண்டுகிறது. 2,610-ஐ எடுத்து இன்னொரு நாட்டின் 30 நாள் எண்ணோடு ஒப்பிடுகிறவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் நாள் இறந்தவரையும் இருபதாம் நாள் இறந்தவரையும் ஜப்பானில் மட்டும் உயிரோடு விட்டுவிடுகிறார். பிரான்ஸ் 2005-க்கு முன்பு ஆறு நாள் கணக்கு வைத்திருந்தது. பழைய பிரெஞ்சு அட்டவணைகளைப் பார்ப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், எண்ணப்படாமலே போகும் மரணங்கள். கிராமத்துச் சாலையில் அடிபட்டவரைத் தொலைவில் உள்ள நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் பத்து நாள் கழித்து இறக்கிறார். விபத்தைப் பதிவுசெய்த காவல் நிலையத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், அவர் காயமடைந்தவராகவே ஏட்டில் நின்றுவிடுவார். இத்தகைய இடைவெளிகளைக் கருத்தில் கொண்டுதான், பிறப்பு இறப்புப் பதிவு முழுமையாக இல்லாத நாடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் புள்ளியியல் மாதிரிகளைக் கொண்டு தானே மதிப்பிடுகிறது. 2021-இல் இந்திய அரசு வெளியிட்ட எண்ணிக்கை 153,972. அந்நிறுவனத்தின் மதிப்பீடு இரண்டு லட்சத்துக்கு மேல். மதிப்பீட்டின்படி விகிதம் 15-ஐத் தாண்டுகிறது. முன்பு நாம் கண்ட 12 என்பது பதிவேட்டின் எண் மட்டுமே என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டு உறவினர்களோடு பேசும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம், "விபத்துல தமிழ்நாடுதான் முதலிடம்" என்பது. 2022-இல் அது உண்மைதான்: 64,105 விபத்துகள், இந்திய மாநிலங்களிலேயே அதிகம். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்திலோ 41,746 விபத்துகளும் 22,595 மரணங்களும் பதிவாகின. நூறு விபத்துக்குத் தமிழ்நாட்டில் 28 பேர், அங்கே 54 பேர். அங்கே வண்டிகள் இரண்டு மடங்கு வலுவாக மோதிக்கொள்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, சிறு விபத்துகள் பல அங்கே ஏட்டிலேயே ஏறவில்லை என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் விபத்துகளை விட்டுவிட்டு மரணங்களை எடுத்துக்கொள்வது இதனால்தான். கீறலை மறைப்பதுபோல ஓர் இறப்பை மறைப்பது எளிதன்று. இவ்வளவு சொன்ன பிறகும், தமிழ்நாட்டின் விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 23 என்பது மிக உயர்ந்த எண். நன்றாக எண்ணுகிறோம் என்ற சமாதானத்தால் அதை மூடிவிட முடியாது.

பின்னத்தில் மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களா என்ற கேள்வியை, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து மணிக்கெல்லாம் மலேசியாவின் ஜோகூரிலிருந்து மோட்டார்சைக்கிள்கள் கடற்பாலத்தை அடைத்துக்கொண்டு வருகின்றன. மழைக்கோட்டை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, முதுகுப் பையோடு, வேலை தொடங்கும் நேரத்தைப் பிடிக்க ஒருவர் பின் ஒருவராக. அவர்களில் ஒருவர் சிங்கப்பூர்ச் சாலையில் உயிரிழந்தால் தொகுதியில் ஒன்று கூடுகிறது. ஆனால் அவர் ஜோகூர்வாசி. நம் மக்கள்தொகைக் கணக்கில் அவர் இல்லை, பகுதியில் அவருக்கு இடமில்லை. எந்த மக்கள்தொகை என்பதும் முக்கியம். 2024-இல் இங்கே 142 பேர் இறந்தார்கள். மொத்த மக்கள்தொகையான 6.04 மில்லியனால் வகுத்தால் 2.35. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் அடங்கிய 4.18 மில்லியனால் வகுத்தால் 3.4. இரண்டாவது கணக்கு தவறு, ஏனென்றால் இறந்தவர்களில் வெளிநாட்டு ஊழியர்களும் இருக்கிறார்கள்; ஆனாலும் அவசரத்தில் தவறான வரியிலிருந்து எண்ணை எடுக்கிறவர்கள் செய்யக்கூடிய பிழைதான் இது.

சராசரிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும். 2024-இல் இறந்த 142 பேரில் 85 பேர் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர்களும் பின்னிருக்கையில் சென்றவர்களும். ஏறக்குறைய பத்தில் ஆறு. ஆனால் இங்குள்ள வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் ஏழில் ஒரு பங்குதான். மலேசியாவிலும் தாய்லாந்திலும் சாலையில் இறப்பவர்களில் பெரும்பான்மையினர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்களே. இரண்டு சக்கரங்களை நம்பியிருக்கும் ஒரு நாட்டையும், மக்கள் இரும்புக்கூட்டுக்குள் அமர்ந்து போகும் ஒரு நாட்டையும் ஒரே எண்ணால் ஒப்பிடும்போது ஓட்டுநரின் ஒழுக்கத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. லாரியின் பின்தளத்தில் அமர்ந்து வேலையிடத்துக்குப் போகும் நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்து போகும் எனக்கும் அந்த 2.35 ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

விகிதம் எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு காட்சி. சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தில், ஒரு மூதாட்டி தேக்கா சந்தையில் வாங்கிய கீரைக்கட்டோடு நிற்கிறார். சமிக்ஞைக் கம்பத்தில் உள்ள கருவியில் தம் மூத்தோர் அட்டையைத் தட்டுகிறார். பச்சை மனிதன் அவருக்காகக் கூடுதலாகச் சில விநாடிகள் நிற்கிறான். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிகள் வரை. 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. பாதி வழியில் சிவப்பு விழுந்துவிடுமோ என்று அவர் ஓட வேண்டியதில்லை. மனிதர் தவறு செய்வார், மெதுவாக நடப்பார் என்பதை ஏற்றுக்கொண்டு சாலையை அமைக்க வேண்டும் என்பதே, சாலையில் யாரும் உயிரிழக்கவோ பலத்த காயமடையவோ கூடாது என்று ஸ்வீடன் 1997-இல் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்ட சுழிய இலக்குக் கொள்கையின் அடிப்படை.

ஒரு நாட்டை அதன் கடந்த காலத்தோடு ஒப்பிடுவது பெரும்பாலும் பிற நாடுகளோடு ஒப்பிடுவதைவிடத் தெளிவான விடை தருகிறது. வரையறை மாறாதிருந்தால் போதும். ஜப்பானில் 1970-இல், 24 மணி நேரக் கணக்கிலேயே, 16,765 பேர் இறந்தார்கள். அதைத்தான் அதே கணக்கில் 2,610-ஆகக் குறைத்திருக்கிறார்கள். இங்கே 24 மணி நேரம் என்ற வரையறை இடையூறு செய்வதில்லை, இரு முனையிலும் அதே அளவுகோல்.

சிறிய எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. சான் மரினோவில் சுமார் 34,000 பேர் வாழ்கிறார்கள். ஓராண்டில் ஒருவர்கூட இறக்காவிட்டால் விகிதம் சுழியம், உலகிலேயே முதலிடம். ஒரே ஒருவர் இறந்தால் 3-ஐ ஒட்டி வந்து நமக்குப் பின்னால் போய்விடும். எண்ணிக்கை நூறை ஒட்டியிருக்கும்போதும் தற்செயலின் கை பலமாகவே இருக்கிறது. எளிய விதியாக, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். 142-க்கு அது 12. எனவே 2023-இல் 136-ஆக இருந்தது 2024-இல் 142 ஆனதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது. 2022-இன் 108-இலிருந்து 142-க்கு வந்ததை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது.

இதையெல்லாம் கேட்ட பிறகு அவள் சிவப்பு நிறத்தை நீக்கினாள். ஆண்டு, எதனால் வகுத்தது, எத்தனை நாளுக்குள் நிகழ்ந்த மரணம் என்று அட்டவணையில் மூன்று புதிய நெடுவரிசைகளைச் சேர்த்தாள். பிறகு, "நார்வேயைவிட நாம மேலயா, கீழயா?" என்று கேட்டாள். தேடி எடுத்தோம். 2021-இல் நார்வேயில் 80 பேர், விகிதம் 1.5, சிங்கப்பூரில் 107 பேர், 2.0. அடுத்த ஆண்டே நார்வேயில் 116 பேர், 2.1, இங்கே 108 பேர், 1.9. ஒரே ஆண்டில் இடம் மாறிவிட்டது. அவள் சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு நாடுகளுக்கும் தனித்தனியாக இட்டிருந்த தரவரிசை எண்களை அழித்தாள். இரண்டு கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணை இட்டாள்.